குற்றவாளியா, சுற்றவாளியா: அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்குச் சிறைக்கு மாற்றாகச் சட்டத்தில் இருப்பவை

இலங்கையின் மலையகத்தில், அட்டனிலோ நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ நீதவான் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டு முடிந்ததும், கூண்டில் நிற்பவரிடம் மொழிபெயர்ப்பாளர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "குற்றவாளியா, சுற்றவாளியா?" சுற்றவாளி என்றால் குற்றமற்றவர். இரண்டு சொற்களுக்கும் இடையே இருப்பது ஓரெழுத்து வேறுபாடு. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யும்படி கேட்டால், கேள்வி விளங்காதபோது கடைசியாகக் காதில் விழுந்ததையே விடையாகச் சொல்வது பரவலாக அவதானிக்கப்பட்ட ஒன்று. ஓட்டிசம் உள்ளவர்களில் சிலர் கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வார்கள். பொலிஸ் நிலையத்தில் "எடுத்தியா?" என்று கேட்டால் "எடுத்தியா" என்றே வரும் குரலை, அவசரத்தில் இருப்பவர் "எடுத்தேன்" என்று எழுதிக்கொள்வதற்கு அதிக நேரம் ஆகாது. இதற்கு மேலாக, தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அதிகாரத்தில் இருப்பவர் எதைக் கேட்டாலும் "சரிங்க", "ஆமாங்க" என்று சொல்லும் பழக்கம் மூன்று நான்கு தலைமுறையாக ஊறிப்போயிருக்கிறது. விளங்காமல் சொல்லும் ஆமாங்கவுக்கும் ஒப்புக்கொண்டு சொல்லும் ஆமாங்கவுக்கும் உள்ள வித்தியாசம் வழக்கேட்டில் பதிவாவதில்லை.

பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க முடியாது என்று இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் கூறுவது பெரிய பாதுகாப்புத்தான். ஆனால் கூண்டில் நின்று தானே "குற்றவாளி" என்று சொல்லிவிட்டால் அந்தப் பாதுகாப்பு பயனற்றுப் போகிறது. வழக்கு அந்த நிமிடத்திலேயே தண்டனைக் கட்டத்துக்கு வந்துவிடும். சிறிய வழக்குகளில் பெரும்பாலும் நடப்பதும் இதுவே. "குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டிவிட்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்ற ஆலோசனை நல்லெண்ணத்தில்தான் சொல்லப்படுகிறது. அன்றாடப் பேரை, அதாவது ஒரு நாள் வேலைக்கான கூலியை, நம்பி வாழும் குடும்பத்துக்கு இன்னொரு தவணைக்கு வந்துபோவதென்பது இன்னொரு நாள் சம்பள இழப்பு. ஆகவே இந்தக் கட்டுரை பேச விரும்பும் மாற்றுத் தண்டனைகள் எல்லாம், அவற்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதற்கு முன்பே கைநழுவிப் போகின்றன.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அறிவுசார் குறைபாடு என்பது சிந்திப்பதிலும் கற்பதிலும் அன்றாட வாழ்வைத் தானே நடத்திக்கொள்வதிலும் குறிப்பிடத்தக்க வரம்பு இருப்பதையும், அது வளரும் பருவத்திலேயே தொடங்கியிருப்பதையும் குறிக்கும். ஓட்டிசம் என்பது பிறருடன் பழகுவதிலும் பேச்சின் உட்பொருளை உணர்வதிலும் வேறுபாடு இருப்பது. ஒரே ஒழுங்கைப் பற்றிக்கொள்வதும், ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றைத் தாங்க முடியாமல் போவதும் அதனுடன் சேர்ந்தே வரும். ஓட்டிசம் உள்ள எல்லோருக்கும் அறிவுசார் குறைபாடு இருப்பதில்லை. இரண்டும் மனநோயல்ல, மாத்திரை கொடுத்துக் குணமாக்கும் விடயங்களும் அல்ல. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் இவர்களைக் குறிக்கப் பல சொற்கள் உண்டு. வெள்ளந்தி என்பார்கள், புத்தி மட்டு என்பார்கள், சுவாதீனம் இல்லாத பிள்ளை என்பார்கள். மருத்துவச் சீட்டு இல்லாவிட்டாலும் ஊருக்கு ஆளைத் தெரியும். ஊருக்குத் தெரிந்த இந்த உண்மைக்கு நீதிமன்றத்தில் வடிவம் கிடைப்பதில்லை என்பதே சிக்கல்.

சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்று கேட்டால், பலரும் உடனே சுட்டிக்காட்டுவது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவை. சித்த சுவாதீனமின்மை காரணமாகத் தன் செயலின் தன்மையையோ, அது பிழையானது அல்லது சட்டத்துக்கு மாறானது என்பதையோ அறிய இயலாதவர் செய்தது குற்றமாகாது என்கிறது அந்தப் பிரிவு. இது மிகக் குறுகிய கதவு. மிதமான அறிவுசார் குறைபாடுள்ள பெரும்பாலானோருக்கு, பிறர் பொருளை எடுக்கக் கூடாது என்பது மேலோட்டமாகவாவது தெரியும். "தெரியும்" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அத்துடன் இந்தப் பிரிவு அவர்களுக்கு மூடப்படும். கொலைக் குற்றத்தைக் குறைக்கும் விதிவிலக்குகளைக் கூறும் 294ஆம் பிரிவிலும் குன்றிய பொறுப்பு என்றொரு விதிவிலக்கு இல்லை. முழுப் பொறுப்பு, பொறுப்பின்மை என்ற இரு முனைகளை மட்டும் அறிந்த சட்டக்கோவையில், நடுவே நிற்கும் மனிதர்களுக்கு எஞ்சுவது தண்டனைக் கட்டம் மாத்திரமே.

இன்னொரு கதவும் இருக்கிறது. அதைத் திறக்கச் சொல்வதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், தன் தரப்பை எடுத்துரைக்க இயலாத உளநிலையில் இருக்கிறார் என்று மருத்துவச் சான்றின் பேரில் நீதிமன்றம் கண்டால், விசாரணையை ஒத்திவைத்து அவரைப் பாதுகாப்பான காவலில் வைக்கலாம். நடைமுறையில் அது அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தை நோக்கிச் செல்லும் பாதை. மனநோய் உள்ளவர் சிகிச்சையால் தேறித் திரும்பி வந்து வழக்கை எதிர்கொள்ள முடியும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட ஏற்பாடு இது. அறிவுசார் குறைபாடு தேறுவதில்லை என்பதால், தேறும்வரை என்ற சொல் அங்கே காலவரையின்மை என்றாகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் மார்லன் நோபல் என்ற பழங்குடி இளைஞருக்கு நேர்ந்தது இதுதான். 2003இல் விசாரணைக்குத் தகுதியற்றவர் என்று அறிவிக்கப்பட்ட அவர், குற்றம் ஒருபோதும் நிரூபிக்கப்படாமலே ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்து 2012இல்தான் நிபந்தனைகளுடன் வெளியே வந்தார். அவரது உரிமைகள் மீறப்பட்டன என்று ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு 2016இல் கூறியது. இரக்கத்தின் பெயரால் திறக்கும் கதவு சிறையைவிட நீண்ட அடைப்புக்கு இட்டுச்செல்லக்கூடும் என்பதால், சிறிய குற்றச்சாட்டுகளில் இந்த வழியை நாடுவது பெரும்பாலும் தவறு என்றே நான் கருதுகிறேன்.

உண்மையில் பயன்படக்கூடிய ஏற்பாடு அதே நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவில் இருக்கிறது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டது என்று நீதவான் கருதினாலும், எதிரியின் நடத்தை, முன் வரலாறு, வயது, உடல்நலம், உளநிலைமை ஆகியவற்றையோ, குற்றத்தின் அற்பத் தன்மையையோ, அது நிகழ்ந்த சூழ்நிலையையோ கருத்திற்கொண்டு, தண்டிப்பது பொருத்தமற்றது என்று கண்டால், குற்றத்தீர்ப்பு அளிக்காமலேயே எச்சரித்து விடுவிக்கலாம். அல்லது, மூன்றாண்டுக்கு மேற்படாத காலத்துக்கு நன்னடத்தையுடன் இருப்பதாகவும், அழைத்தால் வந்து தண்டனையை ஏற்பதாகவும் பிணைமுறி பெற்று நிபந்தனையுடன் விடுவிக்கலாம். உளநிலைமை என்ற சொல் சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது. 77ஆம் பிரிவைப் போல, செயலின் தன்மையை அறியவே முடியாத நிலை என்று அது கேட்கவில்லை. நோய் இருக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. குற்றப் பதிவு இல்லாமல் போவதும் சாதாரண நன்மையல்ல. கொழும்பில் கடை வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போவதற்குப் பொலிஸ் சான்றிதழ் தேவைப்படும் சமூகத்தில் அதன் பெறுமதி எல்லோருக்கும் தெரியும். இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு இரண்டு நிமிடம் பேச ஒரு சட்டத்தரணி இருந்தால் பல வழக்குகளின் போக்கே மாறிவிடும்.

மற்ற மாற்று வழிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1944ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் விடலாம். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம், சிறைக்குப் பதிலாக ஊதியமில்லாத சமூக வேலை, ஆலோசனை, தொழிற்பயிற்சி போன்றவற்றை உள்ளடக்கிய சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளைக்கு இடமளிக்கிறது. நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின் கீழ் இரண்டாண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனையை ஒத்திவைக்கலாம். அயலவர் சண்டை, சிறு காயம், சொத்துச் சேதம் போன்றவற்றை 1988இன் மத்தியஸ்த சபைகள் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்கு வெளியிலேயே தீர்த்துக்கொள்ளலாம். ஒரே லயத்தில் சுவரோடு சுவராக வாழ்ந்துகொண்டு போக வேண்டிய இரு குடும்பங்களுக்கு இந்தக் கடைசி வழியே பல வேளைகளில் மிகவும் பொருத்தமானது.

இவற்றைப் பெற்றுக்கொடுத்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவது இன்னொரு பிழை. ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபத்து மூன்று வயது இளைஞர் இருக்கிறார். கடைவீதியில் வானொலிப் பெட்டிகளைக் கண்டால் அவரால் தொடாமல் இருக்க முடியாது. ஒரு கடையிலிருந்து பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு வந்து தன் லயத்து வாசலில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்து கழற்றிக்கொண்டிருக்கும்போது பிடிபடுகிறார். நீதவான் கருணையுடன் ஓராண்டுச் சிறையை ஐந்தாண்டுக்கு ஒத்திவைக்கிறார். 303ஆம் பிரிவின் கீழ் ஒத்திவைக்கும் காலம் ஐந்தாண்டுக்குக் குறையக் கூடாது. அந்த ஐந்தாண்டில் அதே கடையைக் கடந்து அவர் எத்தனை நூறு தடவை நடப்பார்? ஒரு தடவை தொட்டுவிட்டால், புதிய தண்டனையுடன் பழைய ஓராண்டும் சேர்ந்து வரும். ஒத்திவைத்த தண்டனை என்பது எதிர்காலத்தை எண்ணிப் பார்த்து இன்றைய ஆசையை அடக்கக்கூடிய மனிதரை மனதிற்கொண்டு உருவாக்கப்பட்டது. அந்த எண்ணிப் பார்க்கும் ஆற்றலிலேயே குறை உள்ளவருக்கு அது பொறியாகிவிடும்.

நிபந்தனைகளும் அப்படியே. "நன்னடத்தையுடன் இரு" என்பதில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பது இல்லை. "மாதத்தின் கடைசி ஞாயிறு பொலிஸில் கையொப்பமிடு" என்பது நாட்காட்டி பார்க்கத் தெரியாதவருக்கு மீறாமல் இருக்க முடியாத கட்டளை. ஓட்டிசம் உள்ளவருக்கோ சிக்கல் எதிர்ப்பக்கத்திலிருந்து வரலாம். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னால், மண்சரிவால் பாதை மூடப்பட்ட நாளிலும் நடந்தே போக முயல்வார்; நிலையத்தில் வேறொரு நாள் வரச் சொன்னால் நிலைகுலைந்து சத்தமிடுவார்; அது இன்னொரு குற்றச்சாட்டாகிவிடும். மேலே சொன்ன இளைஞருக்குப் பொருந்தக்கூடிய கட்டளை எளிமையானது: அந்தக் கடைக்குள் தனியே போகக் கூடாது, கடைவீதிக்குப் போனால் அண்ணனோடு போக வேண்டும், பெட்டிக்கான இழப்பீட்டைக் குடும்பம் தவணையில் கட்ட வேண்டும், வாரத்தில் இரண்டு நாள் வானொலி திருத்தும் ஒருவரிடம் உட்கார்ந்து பழக வேண்டும். நன்னடத்தை உத்தியோகத்தர் அதைத் தமிழில், சிறு வாக்கியங்களில், தேவையானால் படம் வரைந்து விளக்கி, "என்ன சொன்னேன் என்று நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டு உறுதிசெய்ய வேண்டும். "விளங்கியதா?" என்ற கேள்வி பயனற்றது, அதற்கும் ஆமாங்கதான் பதில்.

இவ்வளவு மெனக்கெடுவது சலுகையாகாதா என்ற கேள்வி நியாயமானது. தண்டனை எதற்காக என்று கேட்டால்தான் அதற்கு விடை கிடைக்கும். பிறருக்கு அச்சமூட்டுவது ஒரு நோக்கம். ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2011இல் மல்ட்ரொக் வழக்கில், அறிவுசார் குறைபாடுள்ள ஒருவரைப் பிறருக்கு எச்சரிக்கையாகக் காட்டித் தண்டிப்பது பெரும்பாலும் பொருத்தமற்றது என்று விளக்கியது. அவரது பழிப்பொறுப்பு குறைவு என்பதால் கண்டனத்தின் அளவும் மாற வேண்டும் என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002இல் அட்கின்ஸ் வழக்கில் இத்தகையோருக்கு மரண தண்டனை விதிப்பதைத் தடைசெய்தபோது கூறிய காரணங்களில் ஒன்று நம் நீதிமன்றங்களுக்கும் அப்படியே பொருந்தும்: இவர்களின் முகபாவமும் நடத்தையும், செய்ததற்கு வருந்தவில்லை என்ற தவறான எண்ணத்தை ஏற்படுத்தக்கூடும். ஓட்டிசம் உள்ளவர் நீதவானின் கண்ணைப் பார்க்க மாட்டார். பதற்றத்தில் சிரித்துவிடுவார். கை கட்டி, தலை குனிந்து, குரல் தாழ்த்தி நிற்பதைப் பணிவென்று படிக்கும் நம் சமூகத்தில் அந்தச் சிரிப்பு மிக விலையுயர்ந்தது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மனநலக் கோளாறு, வளர்ச்சிக் கோளாறு, நரம்பியல் பாதிப்பு உள்ளவர்களுக்குத் தண்டனை விதிப்பது பற்றித் தனி வழிகாட்டி 2020 ஒக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. குறைபாடு இருப்பதாலேயே தண்டனை தானாகக் குறைந்துவிடும் என்று அது சொல்வதில்லை. குறைபாட்டுக்கும் அந்தக் குறிப்பிட்ட செயலுக்கும் என்ன தொடர்பு, அவருக்குச் சிறை மற்றவர்களைவிட எவ்வளவு கடுமையாக இருக்கும், விதிக்கும் நிபந்தனை அவருக்குப் புரியுமா என்று ஒவ்வொரு வழக்கிலும் பார்க்கச் சொல்கிறது. இத்தகைய எழுத்து வழிகாட்டி இருந்தால், நீதவானின் தனிப்பட்ட கருணையை நம்பியிருக்க வேண்டிய நிலை குறையும்.

முப்பது வயது ஆளை "எட்டு வயதுப் பிள்ளை மாதிரி" என்று நீதிமன்றத்தில் விவரிப்பது நம்மிடையே வழக்கம். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்தது குற்றமாகாது என்று 2018இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்ட பின் அந்த ஒப்பீடு இன்னும் கவர்ச்சியாகத் தெரியும். ஆனாலும் அதைத் தவிர்ப்பது நல்லது. அவருக்கு முப்பது வயதின் உடல், ஆசை, அனுபவம், கூலி, நட்பு எல்லாம் இருக்கின்றன. பிள்ளை என்று சொல்லிவிட்டால் அவர் சொல்ல விரும்புவதை யாரும் கேட்கத் தேவையில்லை என்றாகிவிடும். அவரது தீர்மானங்களை எல்லாம் வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஆகிவிடும்.

இனி மலையகத்துக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். வளரும் பருவத்திலேயே குறைபாடு இருந்தது என்பதை எதைக் கொண்டு காட்டுவது? நகரத்துப் பிள்ளைக்கு நிபுணரின் அறிக்கையும் விசேட கல்வி வகுப்பின் பதிவும் இருக்கக்கூடும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட தோட்டத்துப் பிள்ளையிடம் அவை இருப்பதில்லை. ஆனால் வேறு தாள்கள் இருக்கும், தேடினால் கிடைக்கும். குடும்ப நல உத்தியோகத்தர் எழுதிய பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் எப்போது நடந்தது, எப்போது பேசியது என்ற குறிப்புகள் இருக்கலாம். பாடசாலை வரவுப் பதிவேட்டில் ஒரே வகுப்பில் எத்தனை ஆண்டு இருந்தார் என்பது தெரியும். பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) வளர்த்த ஆயா, முதலாம் வகுப்பு ஆசிரியர், தோட்டத் தலைவர், கிராம உத்தியோகத்தர் ஆகியோர் சொல்லக்கூடியவையும் சான்றுதான். அவர் தனியே பஸ்ஸில் அட்டனுக்குப் போய் வருவாரா, நூறு ரூபாயைக் கொடுத்தால் மிச்சத்தை எண்ணி வாங்குவாரா, சம்பளத்தை யார் வாங்கி வைக்கிறார்கள், அடுப்பைத் தனியே மூட்ட விடுவார்களா, விளையாட்டுக்காகப் பிறர் அவரை எதையெல்லாம் செய்ய வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கான விடைகள், அன்றாட வாழ்வுத் திறன் என்று மருத்துவர்கள் அளவிட விரும்பும் அதே விடயத்தைத்தான் காட்டுகின்றன. இவற்றைத் திரட்டிக் கையில் கொடுத்தால், சட்ட வைத்திய அதிகாரியோ உளநல மருத்துவரோ ஒரு நாள் சந்திப்பில் காண முடியாததை அந்தத் தாள்களில் காண முடியும்.

மொழி அடுத்த தடை. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி சிங்களம் தெரியாத எதிரிக்கு அரச செலவில் உரைபெயர்ப்புப் பெறும் உரித்து உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது அந்த உரித்தை நிறைவேற்றிவிடும். புரிதலை ஏற்படுத்துமா என்பது வேறு. உளநலப் பரிசோதனையோ நன்னடத்தை உத்தியோகத்தரின் சமூக அறிக்கையோ மொழிபெயர்ப்பாளர் வழியாக நடக்கும்போது, தடுமாறிப் பேசும் ஒருவரின் தடுமாற்றமே முக்கியமான சான்று. நல்ல மொழிபெயர்ப்பாளர் அதைச் சீர்படுத்தித் திருத்தமான வாக்கியமாகச் சொல்லிவிடுகிறார். கேட்பவருக்கு எதிரில் இருப்பவர் தெளிவாகப் பேசுவதாகவே தோன்றும். எவ்வளவு நேரம் எடுத்தார், எத்தனை தடவை கேட்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லும்படி மொழிபெயர்ப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது சின்ன விடயந்தான், ஆனால் முடிவையே மாற்றக்கூடியது.

பணமும் அப்படித்தான். இலங்கையில் ஆண்டுதோறும் தண்டனை பெற்றுச் சிறைக்குள் வருவோரில் பெரும் பங்கினர் தண்டப்பணம் கட்டாததற்காக வருபவர்கள் என்பதைச் சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிவரங்களே ஆண்டுதோறும் காட்டிவருகின்றன. ஆகவே தண்டப்பணம் என்பது எளிய மாற்று என்ற எண்ணம் தோட்டத்துக்குப் பொருந்தாது. 1978இன் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவை வழக்கின் முதல் தவணைக்கு முன்பே அணுகும்படி குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்ட பின் அணுகினால் பாதி வழி அடைபட்டிருக்கும்.

எல்லா வழக்குகளும் வானொலிப் பெட்டி வழக்குகள் அல்ல. பெண்களைப் பின்தொடர்தல், தொடுதல் போன்ற முறைப்பாடுகளில் பாதிக்கப்பட்டவரின் அச்சம் உண்மையானது. எதிரியின் குறைபாடு அதைச் சிறிதாக்குவதில்லை. அங்கே மாற்று என்பது, விலகியிருக்கும் தூரம் தெளிவாக வரையப்பட்ட, மேற்பார்வை இறுக்கமான, எதைச் செய்யக் கூடாது என்று நேரடியாகக் கற்றுக்கொடுக்கும் கட்டளையாகவே இருக்க முடியும். போதைப்பொருள் வழக்குகள் இதைவிடக் கடினம். "இந்தப் பொதியை அந்தக் கடையில் கொடுத்துவிட்டு வா" என்றால் மறுகேள்வி கேட்காமல் போகிறவரைத் தேடிப் பிடித்துப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அபாயகரமான ஒளடதங்கள் பற்றிய சட்டம் குறித்த அளவுக்கு மேல் ஆயுள் தண்டனை அல்லது மரண தண்டனையையே பேசுகிறது. சட்டம் விதித்த குறைந்தபட்சச் சிறைக்காலம் நீதிபதியின் தற்றுணிபை முற்றாகக் கட்டிப்போட முடியாது என்று, வேறொரு குற்றம் தொடர்பாக, இலங்கையின் உயர் நீதிமன்றம் 2008ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க ஆற்றுப்படுத்தலில் (கீழ் நீதிமன்றம் விளக்கம் கேட்டு அனுப்பிய விடயத்தில்) தீர்மானித்தது. பாலியல் குற்றமொன்றுக்கான பத்தாண்டுக் குறைந்தபட்சத் தண்டனை பற்றிய அந்தத் தீர்மானத்தின் தர்க்கத்தை, குறைபாடுள்ளவர்களின் வழக்குகளில் சட்டத்தரணிகள் இன்னும் துணிவாக எடுத்துரைக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் பின்னுறுதிப்படுத்தியது. அதன் 13ஆம் உறுப்புரை, நீதியை அணுகுவதற்கு நடவடிக்கைமுறையிலேயே இசைவாக்கம் செய்யக் கோருகிறது. 2020இல் வெளியான ஐக்கிய நாடுகளின் கோட்பாடுகள் அதை விரித்து, கேள்வியை எளிமையாக்கி எதிரிக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே நிற்கும் பயிற்சி பெற்ற இடையாளர் ஒருவரை வேண்டுகின்றன. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் நான்காம் பந்தி மாற்றுத்திறனாளிகளுக்கென விசேட ஏற்பாடு செய்வதை ஏற்கனவே அனுமதிக்கிறது. ஆனால் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் கல்வி, வேலைவாய்ப்பு, பொது இடங்களை அணுகுதல் ஆகியவற்றைப் பற்றிப் பேசும் அளவுக்குக் குற்றவியல் விசாரணையைப் பற்றிப் பேசவில்லை. புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று இருக்கிறது. எதிரி படித்த வகுப்பு எது, தன் பெயரை எழுதுவாரா, தனியே வந்தாரா என்ற மூன்று கேள்விகளைக் குற்றச்சாட்டை வாசிப்பதற்கு முன் கேட்க எந்த நீதவானுக்கும் இன்றே அதிகாரம் உண்டு. விடைகள் ஐயத்தைத் தந்தால் வழக்கை ஒரு தவணை தள்ளிவைத்து, எதிரியைப் பிணையில் வீட்டுக்கு அனுப்பி, நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையையும் ஒரு மருத்துவ அறிக்கையையும் கேட்கலாம். "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்ற கேள்வியை அதன் பிறகு கேட்டால் போதும், அப்போதும் ஒரே மூச்சில் இரண்டு சொற்களாக இல்லாமல், "இந்தப் பெட்டியை நீங்கள் எடுத்தீர்களா? அன்றைக்கு என்ன நடந்தது?" என்று.